பதினொரு நிமிஷம் மூத்த தலை

ஜனவரி 12

அன்புள்ள பெரியவனுக்கு,

சின்னவன் எழுதுகிறேன். இங்கே நானும் என் வீட்டுக்காரியும் சுகம். அண்ணியின் முழங்கால் வலி தேவலையா? உன் உடம்பைப் பற்றிக் கேட்கவில்லை. எனக்கு எப்படியோ அப்படித்தான் உனக்கும் இருக்கும்.

இதென்ன புதிதாகக் கடிதம் என்று யோசிப்பாய். போனில் பேசினால் ஐந்தாவது நிமிஷத்தில் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. உன் குரலும் என் குரலாகவே இருப்பதால் என்னை நானே திட்டிக்கொள்வது போல இருக்கிறது. போன தடவை "நட்ட பயிருக்குத் தண்ணி பாய்ச்சினியா" என்று கேட்டாயே, அன்றைக்கே முடிவு செய்தேன், இந்த விஷயத்தை உன்னிடம் எழுத்தில்தான் கேட்பது என்று.

விஷயம் என் தலைதான். நான்கு வருஷத்துக்கு முன் டாக்டர் முன்நெற்றியில் நட்ட முடி நட்டபடி நிற்கிறது. அதற்குப் பின்னால், உச்சியில், என் சொந்த முடி கொட்டிக்கொண்டே போகிறது. முன்னால் கொஞ்சம், பின்னால் கொஞ்சம், நடுவில் வெளிச்சம். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவனுக்கு இதைவிடத் தண்டனை வேண்டாம். சுவர் முழுக்க நிலைக்கண்ணாடி. ஒருவருக்கு ஃபிரேம் மாட்டிவிடக் குனிந்தால் என் உச்சி எதிர்ச் சுவரில் தெரிகிறது. வந்தவரும் தன் மூக்கைப் பார்ப்பதை விட்டுவிட்டு அதைத்தான் பார்க்கிறார்.

இரண்டாம் தடவை நட்டுக்கொள்ளலாமா என்று அதே டாக்டரிடம் போனேன். அவர் என் பின்தலையை விரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இங்கேருந்து எடுக்க இன்னும் ஒரே ஒரு தடவைக்குத்தான் வேர் இருக்கு. இப்ப உச்சியில நட்டுட்டு, அதைச் சுத்தி இருக்கறதெல்லாம் அப்புறம் கொட்டிப்போச்சுன்னா நட்டது மட்டும் தனியா நிக்கும். மறுபடி நட கையில ஒண்ணும் இருக்காது. கொட்டறது எங்க நிக்கும்னு தெரிஞ்சாத்தான் கத்தியை எடுக்கலாம்."

அது எப்படித் தெரியும் என்றேன். அப்பாவின் தலையைக் கேட்டார். அப்பா முப்பத்தைந்து வயதில் முழுத் தலையோடு போய்ச் சேர்ந்தவர் என்றேன். கூடப் பிறந்தவர்கள் உண்டா என்றார். இரட்டையில் மூத்தவன் ஒருத்தன் இருக்கிறான், அச்சு அசல் நான்தான் என்றேன். மனிதர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அவர் எதுவும் செஞ்சுக்கலையே? அப்ப அவர் தலைதான் உங்களுக்கு வரைபடம். முடி கொட்டாம இருக்கக் கொடுத்த மாத்திரையை நீங்க விட்டு ரெண்டு வருஷம் ஆச்சு. விட்டதிலேருந்து அவர் இருக்கற இடத்துக்குத்தான் போயிட்டிருக்கீங்க. அவருக்கு அங்கேயே நின்னிருந்தா உங்களுக்கும் அங்க நிக்கும்."

அதனால், மாதம் ஒரு படம் அனுப்பு. முடியை நனைத்துச் சீவி, குளியலறை விளக்குக்குக் கீழே குனிந்து, உச்சியில் ஒரு ஸ்கேலை வைத்து எடுக்க வேண்டும். அண்ணி எடுக்கட்டும். போனில் அனுப்பாதே, அச்சுப் போட்டு அனுப்பு, டாக்டர் அளந்து பார்ப்பாராம். இரண்டு வருஷத்துக்கு முந்தைய படம் இருந்தால் அதையும் வை. கூடவே ஒரு படிவம் இருக்கிறது. வயது, வேலை, தூக்கம், முடிக்கென்று மாத்திரையோ தைலமோ உண்டா என்று ஏழெட்டுக் கேள்விகள்தான்.

இதைக் கேலி பண்ணாதே. எனக்கு இது தலை போகிற காரியம்.

அன்புடன்,
பதினொரு நிமிஷம் இளையவன்

---

ஜனவரி 30

அன்புள்ள சின்னவனுக்கு,

பெரியவன் எழுதுவது. நாங்கள் சௌக்கியம். அண்ணிக்குப் படி ஏறினால் மட்டும் வலி. லிஃப்ட் மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டு லிஃப்ட் இல்லாத வீட்டில் குடியிருக்கிறேன் என்று தினமும் ஒரு தடவை சொல்கிறாள், மற்றபடி நலம். உன் மனைவிக்கு எங்கள் அன்பு.

நாற்பத்திரண்டு வயதில் என் தலைக்கும் ஒரு உபயோகம் கண்டுபிடித்த உன் டாக்டரை மெச்ச வேண்டும். படம் எடுப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. நான் வாளியின் மேல் உட்கார்ந்து குனிய, அண்ணி ஸ்கேலை வைக்க, அது சறுக்கிக் காதில் விழ, ஏழு படம் எடுத்ததில் மூன்றில் அவள் கட்டைவிரல். தேறிய ஒன்றை வைத்திருக்கிறேன்.

பழைய படமும் ஒன்று கிடைத்தது. உன் கடைக்கு நான் வந்திருந்தபோது ஒரு அம்மாள் என்னைக் காட்டி "அப்பா வந்திருக்காங்களா" என்று உன்னிடம் கேட்டாளே, அந்த வாரம் எடுத்தது. நான் எப்படிச் சிரித்தேன் என்று உனக்கு நினைவிருக்கும்.

படிவத்துக்குப் பதில்: வயது உன் வயதுதான். தூக்கம் நன்றாக வருகிறது. வேலை இப்போது ஒரு பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில். தலைக்கு மேல் ஹெல்மெட், ஹெல்மெட்டுக்கு மேல் லிஃப்ட், முடியைப் பற்றி யோசிக்க நேரமில்லை. காய்ச்சல், தோல் வியாதி எதுவும் கிடையாது. வேறென்ன, மழை ஓய்ந்தது. உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
பெரியவன்

---

பிப்ரவரி 16

அன்புள்ள பெரியவனுக்கு,

சுகம், உங்கள் சுகத்துக்கு எழுது. அண்ணியின் கட்டைவிரலுக்கும் சேர்த்து நன்றி.

டாக்டர் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்தார். இரண்டு வருஷத்தில் உனக்கு ஒரு நூல்கூட நகரவில்லையாம். "நின்னுடுச்சு போலிருக்கே" என்றார். இன்னும் இரண்டு மூன்று மாதப் படங்களைப் பார்த்துவிட்டுத் தேதி சொல்கிறேன் என்றிருக்கிறார்.

நீ ஒரே ஒரு கேள்விக்குப் பதில் எழுதவில்லை, மாத்திரை பற்றியது. மறந்திருப்பாய். தலைவலிக்கே மாத்திரை வேண்டாம் என்கிறவனிடம் இதைக் கேட்கவே வேண்டாம் என்று நானே "இல்லை" என்று எழுதி, கீழே உன் கையெழுத்தையும் போட்டுக் கொடுத்துவிட்டேன். பள்ளிக்கூடத்தில் நீ வராத நாளெல்லாம் உனக்கும் சேர்த்து "உள்ளேன் ஐயா" சொன்னவன்தானே.

உன்னிடம் மறைப்பானேன், நான் நிம்மதியாக இல்லை. பஸ்ஸில் கடைசி வரிசையில் இடம் கிடைத்தால்தான் உட்காருகிறேன், பின்னால் யாரும் இருக்கக் கூடாது. காலையில் தலையணை உறையை ஜன்னலுக்குக் கொண்டுபோய் உதிர்ந்த முடியை எண்ணுகிறேன். இன்று பதினான்கு. வீட்டுக்காரி சொல்கிறாள்: "உங்க தலையால எனக்கு ஒரு தொந்தரவும் இல்ல. நீங்க அதைப் பத்திப் பேசறதுதான் தாங்க முடியல." ஆகவே உனக்கு எழுதுகிறேன்.

பயம் ஒன்றுதான். இருப்பது ஒரே ஒரு தடவைக்கான வேர். தப்பான நேரத்தில் செலவழித்துவிட்டால் தீர்ந்தது. உன் தலை மட்டும் இல்லையென்றால் நான் இருட்டில்தான் கை விட வேண்டியிருக்கும்.

மார்ச் படத்தை மறக்காதே.

அன்புடன்,
சின்னவன்

---

ஏப்ரல் 4

அன்புள்ள சின்னவனுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. நாங்கள் நலம். நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும்.

இரண்டு மாதப் படங்களையும் சேர்த்து வைத்திருக்கிறேன். ஒன்று கேட்கிறேன். ஒரு வருஷம் பொறுத்தால் என்ன? வேறு டாக்டர் ஒருவரையும் கேட்டுப் பார்த்தாயா? ஒரு படிவத்தையும் நாலு படத்தையும் வைத்துக்கொண்டா ஒருவர் கத்தியை எடுத்துவிடுவார்? எனக்காக நீ ஏன் எழுதிக் கொடுத்தாய்? பள்ளிக்கூட வருகைப் பதிவா இது?

உன்னிடம் ஒன்று எழுத வேண்டும் என்றுதான் போன ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். அதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள். நான்காவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுபோய் உள்ளே மூன்று பேர். போய் இறக்கிவிட்டு வந்தேன். பிறகு எழுத ஓடவில்லை.

தலையணையை எண்ணுவதை விடு. அண்ணி உன்னை விசாரித்தாள்.

அன்புடன்,
பெரியவன்

---

ஏப்ரல் 17

அன்புள்ள பெரியவனுக்கு,

இங்கு சுகம். அங்கும் அப்படியே என்று நம்புகிறேன்.

தேதி குறித்தாகிவிட்டது. ஜூன் 18. படங்களைப் பார்த்ததுமே டாக்டர் நாட்காட்டியைப் புரட்டினார். கடையில் மூன்று வாரம் விடுப்பு கேட்டிருக்கிறேன். முதலாளி என் தலையைப் பார்த்துக்கொண்டே சரி என்றார். காரணம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நீ மட்டும் ஏன் முட்டுக்கட்டை போடுகிறாய்? முதல் தடவையும் இப்படித்தான், வேண்டாம் வேண்டாம் என்றாய், அப்புறம் ஊர் பூராவும் சொல்லிச் சிரித்தாய். உனக்கு மொட்டையானாலும் கவலையில்லை, நல்லது. எல்லாருக்கும் அந்த மனசு வாய்க்குமா?

என்ன எழுத உட்கார்ந்தாய்? பாதியில் நிறுத்தினால் எனக்கு நாலு நாள் தூக்கம் போகும் என்று உனக்குத் தெரியாதா?

அன்புடன்,
சின்னவன்

---

மே 12

அன்புள்ள பெரியவனுக்கு,

நலமா? உன்னிடமிருந்து கடிதம் இல்லை. மே மாதப் படமும் இல்லை.

இன்னும் ஐந்து வாரம்தான் இருக்கிறது. போன் செய்தேன், அண்ணி எடுத்தாள். நீ குளிக்கிறாய் என்றாள். அரைமணி கழித்துச் செய்தேன், இன்னும் குளிக்கிறாய் என்றாள். அப்படிக் குளிக்கிற ஆளா நீ?

எனக்குத் தெரிந்துவிட்டது. உனக்கு மறுபடி கொட்ட ஆரம்பித்திருக்கிறது. நான் பயந்துபோவேன் என்று மறைக்கிறாய். எவ்வளவு கொட்டினாலும் பரவாயில்லை, உள்ளதைச் சொல். இன்று தலையணையில் இருபத்தொன்று.

சின்னவன்

---

மே 23

அன்புள்ள சின்னவனுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தைப் படித்த பிறகும் இருக்க வேண்டும். தபாலை நம்பாமல் கூரியரில் அனுப்புகிறேன்.

எனக்குக் கொட்டவில்லை. அதுதான் விஷயம்.

இரண்டு வருஷத்துக்கு முன் உன் வீட்டுக்கு வந்தபோது நீ மாத்திரையை விட்டிருந்தாய். அது ஆளை மந்தமாக்குகிறது என்று சொல்லி, மிச்சமிருந்த ஒன்பது பெட்டியையும் என் பையில் திணித்து, "போற வழியில எங்கயாவது தூக்கி எறிஞ்சிடு, வீட்டுல இருந்தா மறுபடி ஆசை வரும்" என்றாய். நான் எறியவில்லை. கருவிப் பெட்டியின் அடித்தட்டில் வைத்தேன். ஏன் வைத்தேன் என்று அப்போது எனக்கே தெரியாது.

ஊருக்குத் திரும்பிய வாரம் ஒரு கட்டடத்தில் லிஃப்டுக்குள் புதிதாகக் கேமரா மாட்டியிருந்தார்கள். காவலாளியின் மேஜையில் அதற்கு ஒரு திரை. உள்ளே வேலையை முடித்துவிட்டு வந்து, சரியாகத் தெரிகிறதா என்று பதிவை ஓட்டிப் பார்த்தேன். பொத்தான் பலகையைக் கழற்றிக்கொண்டு ஒரு ஆள் குனிந்திருந்தார், மேலேயிருந்து உச்சி மட்டும் தெரிந்தது. ஹெல்மெட் இல்லாமல் யாரடா என் வேலைக்குள் நுழைந்தது என்று, "அந்த வயசானவர் யாருங்க?" என்று கேட்டேன். காவலாளி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "நீங்கதான் சார். வேர்க்குதுன்னு ஹெல்மெட்டைக் கழட்டி வச்சீங்களே" என்றார்.

அன்றைக்கு முதல் பெட்டியைப் பிரித்தேன். ஒன்பது மாதத்தில் தீர்ந்ததும் நானே வாங்க ஆரம்பித்தேன். டாக்டர் யாரையும் பார்க்கவில்லை. அண்ணிக்கே இந்த மார்ச்சில்தான் தெரியும்.

முடிக்காக மட்டும் செய்யவில்லை, சின்னவனே. முப்பத்தெட்டு வருஷமாக எங்கே போனாலும் "ரெட்டையா" என்று கேட்டார்கள். நீ நட்டுக்கொண்டு வந்த பிறகு யாரும் கேட்கவில்லை. உன் கடையில் அந்த அம்மாள் அப்பா என்றபோது நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அன்று பஸ்ஸில் திரும்பும்போது அழுதேன். நீ என்னை விட்டுவிட்டுப் போகிறாய் என்று தோன்றியது. எனக்குப் பயமாக இருந்தது. இதை உன்னிடம் எப்படிச் சொல்வது? உன்னை அவ்வளவு கேலி செய்த வாய் இது.

படம் கேட்டு நீ எழுதியபோதே சொல்லியிருக்க வேண்டும். கேள்வியை விட்டுவிட்டால் நீ மறுபடி கேட்பாய், அப்போது சொல்லலாம் என்று இருந்தேன். நீயே "இல்லை" என்று எழுதிக் கொடுப்பாய் என்று நினைக்கவில்லை. போனில் சொல்லலாம்தான். எடுத்தேன். நீ "ஹலோ" என்றால் என் குரலே கேட்கும். அந்தக் குரலிடம் ஒப்புக்கொள்ள எனக்குத் தெம்பு வரவில்லை.

என் தலை பொய் வரைபடம். அதை நம்பிப் படுத்துவிடாதே. டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல். உன் காலைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன்.

பெரியவன்

---

ஜூன் 2

பெரியவனுக்கு,

கடிதம் கிடைத்தது. டாக்டரிடம் சொன்னேன். தேதியை ரத்து செய்துவிட்டார்கள். பதினாறு நாள் இருந்தது.

நீ ஒரு மாதம் குளித்துக்கொண்டிருந்தாய்.

வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை.

சின்னவன்

---

ஜூலை 1

அன்புள்ள சின்னவனுக்கு,

நலமா? நாங்கள் நலம். உன் கோபம் நியாயம்தான்.

இந்த மாதப் படம் வைத்திருக்கிறேன். டாக்டரிடம் காட்டு. இது பொய்யில்லை.

பெரியவன்

---

செப்டம்பர் 1

அன்புள்ள சின்னவனுக்கு,

நலம்தானே? உன் மனைவியாவது ஒரு வரி எழுதினால் போதும்.

படம் வைத்திருக்கிறேன். போன மாதத்ததும் சேர்த்து. ஸ்கேல் அதே இடத்தில்தான் இருக்கிறது, அளந்து பார்க்கச் சொல்.

பெரியவன்

---

நவம்பர் 8

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். நீங்களும் தங்கையும் சௌக்கியமாக இருக்கிறீர்களா? என் முழங்கால் பரவாயில்லை. நான் எழுதுவது அவருக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

உங்களுக்குக் கூரியர் அனுப்பினாரே, அன்றைக்கே அவர் மாத்திரையை விட்டுவிட்டார். மிச்சத்தை என் கையில் கொடுத்து, நான் கேட்டாலும் தராதே என்றார். ஏன் என்று கேட்டேன். "அது எங்க போய் நிக்கும்னு அவனுக்குத் தெரியணும். என்னாலதான் தெரியாமப் போச்சு" என்றார். மாதா மாதம் படம் எடுக்கிறவள் நான். அதனால் எவ்வளவு போயிருக்கிறது என்று அவரைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

முன்பெல்லாம் தேநீர் குடிக்கும்போது ஹெல்மெட்டைக் கழற்றுவார். இப்போது அதைப் போட்டுக்கொண்டேதான் குடிக்கிறாராம், கூட வேலை செய்கிறவர் சொல்லிச் சிரித்தார். அவர் சிரிக்காமல் சொன்ன இன்னொன்று, லிஃப்டில் கேமரா இருக்கிறது என்று இவர் படியேறித்தான் போகிறாராம். பன்னிரண்டு மாடி. லிஃப்ட் மெக்கானிக் படியேறிப் போவதைப் பார்த்து அங்கே குடியிருக்கிறவர்கள் லிஃப்டில் ஏறவே பயப்படுகிறார்களாம்.

உங்கள் மனம் நோக வேண்டும் என்று இதை எழுதவில்லை. உங்களுக்கு இவர் செய்தது தப்பு, எனக்கும் மறைத்தார், எனக்கும் கோபம்தான். ஒன்றே ஒன்று கேட்கிறேன். இந்தப் படங்களால் உங்களுக்கு ஏதாவது பிரயோஜனம் உண்டா? உண்டு என்றால் நான் வாயைத் திறக்கவில்லை.

இப்படிக்கு,
அண்ணி

---

நவம்பர் 17

அன்புள்ள பெரியவனுக்கு,

சின்னவன் எழுதுகிறேன். நான் நலம். நீ நலமில்லை என்று தெரியும். ஆகவே இந்தத் தடவை கேட்கவில்லை.

அண்ணியைத் திட்டாதே. அவள் எழுதியிராவிட்டால் உன் கடிதங்களை நான் இன்னும் பிரித்திருக்க மாட்டேன். ஆமாம், பிரிக்கவில்லை. ஜூலையில் வந்ததும் செப்டம்பரில் வந்ததும் கடையில் உடைந்த ஃபிரேம்கள் போடுகிற டிராயரில் ஒட்டியபடியே கிடந்தன. கனமாக இருந்தன, உள்ளே படம் இருக்கிறது என்று தெரியும். எந்த முகத்தோடு படம் அனுப்புகிறான் என்று மூடிவைத்தேன். வாடிக்கையாளருக்கு ஸ்க்ரூ தேடும்போதெல்லாம் உன் கையெழுத்து மேலே வரும், அதை அடியில் தள்ளுவேன். நேற்று மூன்று படங்களையும் வரிசையாக மேஜையில் வைத்துப் பார்த்தேன். முதலாளி வந்து, "இதெல்லாம் உங்க தலையா" என்று கேட்டார்.

டாக்டரிடம் எடுத்துக்கொண்டு ஓடினேன். அவர் படங்களைப் பார்த்தார், என் உச்சியைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இதுல உங்களுக்குத் தெரிஞ்சுக்க ஒண்ணுமே இல்லையே. நீங்க விட்டு மூணு வருஷம் ஆகப்போகுது. அவர் இந்த மே மாசந்தான் விட்டிருக்கார். இப்ப அவர் போற வழி நீங்க ஏற்கனவே போன வழிதான். உங்க தலைதான் அவருக்கு வரைபடம். இவர் எதுக்கு விட்டார்?"

எதற்கு விட்டாய் என்று அவரிடம் நான் எப்படிச் சொல்வது? ஜூலையிலேயே உறையைப் பிரித்திருந்தால் அன்றைக்கே இது தெரிந்திருக்கும், நான்கு மாதம் உனக்கு மிஞ்சியிருக்கும். நீ ஒரு மாதம் குளித்தாய் என்று எழுதினேன். நான் நான்கு மாதம் டிராயரை மூடிவைத்திருந்தேன். உனக்காக "இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவனும் நான்தான். ஏன் என்று ஒரு தடவை கேட்டதோடு நீ விட்டுவிட்டாய். மன்னித்துக்கொள்.

இரண்டாம் தடவை நடுவதைப் பற்றி: வேறு தேதி நான் கேட்கவில்லை. என் உச்சி ஒரு வருஷம் முழுக்க அசையாமல் நின்றால் வாருங்கள், பேசலாம் என்கிறார் டாக்டர். நிற்கலாம், நிற்காமலும் போகலாம். பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். இன்று காலைகூட எண்ணினேன், பதினேழு. ஆனால் வேர் இன்னும் பின்தலையில் பத்திரமாக இருக்கிறது. நீ அந்தக் கூரியரை அனுப்பியதால் இருக்கிறது.

இத்துடன் என் படத்தை வைத்திருக்கிறேன். நனைத்துச் சீவி, ஸ்கேல் வைத்து, வீட்டுக்காரி எடுத்தது. அவள் விரல் இல்லை, அண்ணியிடம் காட்டு. இனி மாதா மாதம் வரும். இதை எடுத்துக்கொண்டு உன் ஊரில் ஒரு டாக்டரைப் பார். அவர் சரியென்றால் நாளைக்கே மாத்திரையைத் தொடங்கு, அண்ணி தருவாள். பதினொரு நிமிஷம் முன்னால் போய் வெளியே எப்படி இருக்கிறது என்று பார்த்தவன் நீ. இதில் இரண்டு வருஷம் நான் முன்னால் போகிறேன். நீ மெதுவாக வந்தால் போதும்.

நான் உன்னை விட்டுவிட்டுப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். நான் எங்கே போவேன்?

பன்னிரண்டு மாடியையும் இனி ஏறாதே, மூட்டு போனால் நட்டுவைக்க முடியாது. லிஃப்டிலேயே போ. ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டே போ. அந்தத் திரையைப் பார்த்து யார் அது என்று யாராவது கேட்டால், என் தம்பி என்று சொல்.

அன்புடன்,
சின்னவன்